திருத்தணி: மலையைப் பார்த்தீர்கள், ஊரைப் பார்த்தீர்களா?

"திருத்தணி போயிருக்கீங்களா?" என்று சென்னையில் யாரைக் கேட்டாலும் "ஓ, போயிருக்கேனே!" என்றுதான் பதில் வரும். கூடவே "திருப்பதி போற வழியில..." என்று ஒரு ஒட்டும் வரும். அந்த ஒட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வழக்கமான திட்டம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விடியற்காலையில் வேன் எடுப்பார்கள். வண்டி நேராக மலைப்பாதையில் ஏறி கோயில் வாசலில் போய் நிற்கும். சிறப்புத் தரிசன டிக்கெட், பிரசாதம், நாலு புகைப்படம். ஒன்றரை மணி நேரத்தில் வண்டி கீழே இறங்கி திருப்பதி சாலையைப் பிடித்துவிடும். அறுபடை வீட்டில் ஐந்தாவது வீடு முடிந்தது, கணக்கில் டிக் போட்டாயிற்று!

சாமி கும்பிடுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இப்படிப் போய் வந்தவர்கள் பார்த்தது ஒரு சன்னிதியை மட்டும்தான், திருத்தணியை அல்ல என்பது என் கருத்து. ஒரு மாநிலமே போராடி வாங்கிய ஊர் இது. வாங்கியதற்குப் பிறகு நாம் அதைச் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் அது கொஞ்சம் வருத்தமான விஷயம் இல்லையா?

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் சின்ன நகராட்சி. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறக்குறைய 45 ஆயிரம். சென்னையிலிருந்து 85 கிலோமீட்டர் சொச்சம், திருப்பதிக்கு 65 கிலோமீட்டர் சொச்சம். சென்னை சென்ட்ரலில் ஏறினால் அரக்கோணம் வழியாக மின்சார ரயில் இங்கே வரை வருகிறது. அதாவது பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடுகிறதே, அதே மாதிரி வண்டி! இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நேரடி வண்டி கிடைக்காவிட்டால் அரக்கோணத்தில் மாறிக்கொள்ளலாம், அங்கிருந்து 13 கிலோமீட்டர்தான். ஒரு மாணவனின் பாக்கெட்டுக்கு இதைவிடத் தோதான பயணம் கிடையாது. வேன் வாடகையில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால் என் முதல் யோசனை: ரயிலில் போங்கள்.

இரண்டாவது யோசனை: படியில் ஏறுங்கள்.

படிகள் 365. வருடத்தின் நாட்களுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். கேட்பதற்குப் பயமாக இருந்தாலும் ஏறுவது அவ்வளவு கஷ்டமில்லை. இடையிடையே மண்டபங்கள் இருக்கின்றன. கூட வரும் பாட்டிகள் நம்மைவிட வேகமாக ஏறுவார்கள், அதைப் பார்த்தாலே நமக்கு ரோஷம் வந்துவிடும் :) டிசம்பர் 31ஆம் தேதி இரவு இங்கே திருப்படித் திருவிழா நடக்கிறது. ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, ஒவ்வொரு படியிலும் ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறி, புத்தாண்டு பிறக்கும்போது உச்சிக்குப் போய்ச் சேர்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பித்து வைத்தது என்பார்கள். ஜனவரி முதல் தேதி வெள்ளைக்கார துரையைப் பார்த்து வணக்கம் சொல்லப் போன கூட்டத்தை, "முதலில் இந்தத் துரையைப் பாருங்கள்" என்று முருகனிடம் திருப்பிவிட்டார் என்பது கதை. காரில் மேலே போகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஒரு படிகூடக் காலில் படுவதில்லையே!

கோயிலில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, முருகனுக்கு முன்னால் மயிலுக்குப் பதில் யானை இருக்கும். அந்த யானையும் சாமியைப் பார்க்காமல் கிழக்கே பார்த்து நிற்கும். தெய்வயானைக்குச் சீதனமாக இந்திரன் கொடுத்த ஐராவதம், தன் பழைய வீட்டுப் பக்கம் பார்க்கிறது என்கிறது தலபுராணம். இரண்டு, எல்லா முருகன் கோயில்களிலும் ஐப்பசியில் சூரசம்ஹாரம் நடக்கும். இங்கே நடக்காது. சூரனோடும் வேடர்களோடும் போர் முடித்துக் கோபம் தணிந்து அமர்ந்த இடம் இது, அதனால்தான் 'தணிகை' என்பது மரபு. அந்த நாளில் இங்கே சாமிக்குப் பூ மட்டும்தான் கொட்டுவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இப்போது மேலே நின்று சுற்றிப் பார்ப்போம். வடக்கிலும் மேற்கிலும் மலைகள். அதில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது ஆந்திராவில் இருக்கும் நகரி மலை. 'நகரி மூக்கு' என்றே பெயர். கிழக்கே வயல், ஏரி, செங்கல் நிறத்தில் வீடுகள், பிறகு தட்டையான சமவெளி. அந்தச் சமவெளி முடிகிற இடத்தில் வங்கக் கடல். கண்ணுக்குத் தெரியாது, நேர்கோட்டில் 75, 80 கிலோமீட்டர் தூரம். ஆனால் கடலும் மலையும் சேர்ந்துதான் இந்த ஊரை ஆட்டி வைக்கின்றன.

எப்படி என்கிறீர்களா? மே மாதம் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் அதிக வெயில் அடித்த ஊர்கள் என்று வேலூரோடு சேர்த்துத் திருத்தணி பெயரையும் அடிக்கடி சொல்வார்கள். மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று ஒரு பக்கம் வாட்டும். சென்னைக்கு மதியமே வந்து சேர்கிற கடல்காற்று இவ்வளவு தூரம் உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், சில நாள் வரவே வராது. அதனால் கோடையில் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கே படியேறிவிடுங்கள், அல்லது சாயங்காலம் ஏறுங்கள். வெறுங்காலோடு மதியம் ஏறினால் பக்தி வேறு மாதிரி சோதிக்கப்படும்!

மழைக்காலத்தில் கதை தலைகீழ். கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி சென்னைக்கும் நெல்லூருக்கும் நடுவே கரை கடந்தால், இந்த மலைகளில் மழை கொட்டும். மேற்கே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் அம்மப்பள்ளி அணை நிரம்பும். அதைத் திறந்தால் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் பாய்ந்து பள்ளிப்பட்டு பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கும். கரையோர கிராமங்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். நகரி ஆறும் அந்தப் பக்கமிருந்து வந்து இதே கொசஸ்தலையில்தான் சேர்கிறது. திருத்தணிக்குப் பக்கத்தில் ஓடும் நந்தி ஆறும் அப்படித்தான். எல்லாத் தண்ணீரும் சேர்ந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து சென்னைக்குக் குடிநீராகப் போகிறது, மிச்சம் எண்ணூரில் கடலில் கலக்கிறது. 1996லிருந்து கிருஷ்ணா நதி நீரும் ஆந்திரா வழியாகக் கால்வாயில் இதே பூண்டிக்கு வருகிறது. ஆக, சென்னையில் குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொருவரும் இந்த எல்லையோர மலைகளுக்குக் கடன்பட்டவர்கள். அந்தத் தண்ணீர் எந்த மாநிலத்தில் பெய்தது என்று யாராவது பிரித்துக் குடிக்கிறார்களா?

எல்லை என்று சொன்னேன். முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

1911ல் ஆங்கிலேயர்கள் வட ஆற்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைப் பிரித்துச் சேர்த்து சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். திருத்தணி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லாம் ஒரே சென்னை ராஜதானி என்பதால் அப்போது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோதுதான் வினை வந்தது. சித்தூர் மாவட்டம் மொத்தமாக ஆந்திராவுக்குப் போயிற்று, திருத்தணியும் கூடவே போயிற்று. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியது. இந்தப் பகுதியிலேயே இருந்து தமிழ் கற்பித்த மங்கலங்கிழார், திருத்தணி கே. விநாயகம் போன்றவர்கள் மக்களைத் திரட்டினார்கள். மறியல், சிறை எல்லாம் நடந்தது. அவர்கள் கேட்டது திருப்பதி வரைக்கும்.

கடைசியில் பட்டாஸ்கர் என்பவரை மத்தியஸ்தராக வைத்தார்கள். கிராமம் கிராமமாக, எங்கே எந்த மொழி பேசுபவர்கள் அதிகம், அந்தக் கிராமம் மற்றவற்றோடு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தார்கள். 1959ல் நாடாளுமன்றத்தில் சட்டம் ஆனது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி வரவில்லை.

இதை நாம் எப்படி நினைவு வைத்திருக்கிறோம்? "திருப்பதி போச்சே" என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். கிடைத்த திருத்தணியை, போன திருப்பதிக்குப் போகிற வழியில் ஒன்றரை மணி நேரம் பார்க்கிறோம். இதைவிட வேடிக்கை உண்டா?

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எல்லைக்கோட்டைக் கிராமம் கிராமமாக இழுக்கலாம். வீடு வீடாக இழுக்க முடியுமா? திருத்தணி கடைத்தெருவில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். காய் வாங்குபவர் தெலுங்கில் கேட்பார், விற்பவர் தமிழில் விலை சொல்வார். இரண்டு பேருக்கும் அது விசித்திரமாகவே தெரியாது. ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் வேட்டியோடு காவடி தூக்கி வரும் கூட்டத்தில் பாதிக்கு மேல் எந்த மாநிலம் என்று அரோகரா சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ரயிலில் வடக்கே போனால் தமிழ்நாட்டில் பொன்பாடி வரும். அடுத்து ஆந்திராவில் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, ரயில் நிலையப் பெயர்களிலேயே ரொம்ப நீளமானது என்று பெயர் வாங்கியது. அதையும் தாண்டிப் போனால் ஏகாம்பரகுப்பம்! ஆந்திராவுக்குள் இருக்கிற ஊருக்கு அச்சு அசல் தமிழ்ப் பெயர்.

இந்த ஊரில் பிறந்த மிகப் பெரிய மனிதரையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன், 1888 செப்டம்பர் 5. நாம் ஆசிரியர் தினம் கொண்டாடுகிற நாள். வீட்டில் தெலுங்கு பேசிய குடும்பம். 'சர்வபள்ளி' என்பது நெல்லூர்ப் பக்கத்து ஊர்ப் பெயர். படித்தது திருத்தணி, திருப்பதி, வேலூர், பிறகு சென்னை கிறித்துவக் கல்லூரி. அவர் இந்தியாவின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தபோதுதான் அவர் பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாறியது! அவர் தமிழ்நாட்டுக்காரரா, ஆந்திராக்காரரா என்று இன்றைக்கும் வாதம் செய்பவர்கள் உண்டு. "திருத்தணிக்காரர்" என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

இசைக்கும் இதே கதைதான். அருணகிரிநாதர் தமிழில் இந்த மலையை எத்தனையோ முறை பாடினார். முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கீர்த்தனையை இங்கேதான், சமஸ்கிருதத்தில், மாயாமாளவகௌளையில் பாடினார் என்பது மரபு. தணிகைமலைக்கு மொழிப் பிரச்சினை இருந்ததாகத் தெரியவில்லை.

பிரச்சினை இருப்பது நமக்குத்தான். ஒரு மாணவன் என்ற முறையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2006ல் தமிழ்நாட்டில் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் ஒரு கட்டாயப் பாடம். நல்ல சட்டம்தான், பத்தாண்டு தமிழ்நாட்டில் படித்துவிட்டு தமிழில் கடிதம் எழுதத் தெரியாவிட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான். ஆனால் அந்தச் சட்டப்படி முதல் பத்தாம் வகுப்புத் தேர்வு 2016ல் வந்தபோது, தெலுங்கு, கன்னடம், உருது வழியில் படித்த பிள்ளைகள் தமிழ்த்தாளிலிருந்து விலக்குக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023ல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பல பள்ளிகளில் தமிழ் சொல்லித்தர ஆசிரியரே இல்லை என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எல்லையோரத்தில் இருக்கிற ஒரு தெலுங்கு வழிப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எல்லையை மாற்றியது அரசாங்கங்கள். தேர்வு எழுதுவது அந்தப் பிள்ளை!

என் கருத்து இதுதான். ஒரு ஊரை மொழியின் பெயரால் கேட்டு வாங்கினால், அங்கே இன்னொரு மொழி பேசுகிறவரையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அந்தப் பிள்ளைக்கு நல்ல தமிழ் ஆசிரியரையும் கொடுக்க வேண்டும், வீட்டு மொழியில் படிக்கும் உரிமையையும் விட்டுவைக்க வேண்டும். சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆந்திர அரசு என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ, அதையே இங்கே நாம் முதலில் செய்து காட்டினால்தான் கேட்க வாய் இருக்கும்.

"சாமி கும்பிடப் போன இடத்தில் எதுக்கு சரித்திரமும் அரசியலும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சாமியே போர் முடித்துக் கோபம் தணிந்த சாமி என்றுதானே புராணம் சொல்கிறது? சூரசம்ஹாரத்துக்குப் பதில் பூ கொட்டுகிற ஊர் இது. போராட்டம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரோடு எப்படி வாழ்வது என்று இந்த ஊரைவிட நன்றாக யார் சொல்லித்தர முடியும்?

"ஊருக்குள்ள பார்க்க என்னப்பா இருக்கு?" என்று இன்னும் சிலர் கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு திட்டம்.

காலை முதல் வண்டியில் போய் வெயில் ஏறுவதற்குள் படியேறி இறங்கிவிடுங்கள். அடிவாரத்தில் சரவணப் பொய்கை. ஆடிக் கிருத்திகையின்போது தெப்பம் விடுகிற குளம் அது. படிக்கட்டில் பத்து நிமிடம் உட்காருங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

பிறகு நந்தி ஆற்றுப் பக்கம் விசாரித்துக்கொண்டு வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போங்கள். மலைமேல் நிற்கிற கூட்டத்தில் நூறில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. சின்னக் கோயில்தான். ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கடைசிப் பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்தில் கட்டியது. விமானத்தின் பின்பக்கம் படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும், 'தூங்கானை மாடம்' என்பார்கள். நம்பி அப்பி என்பவர் இதைக் கருங்கல்லால் கட்டினார் என்று கல்வெட்டில் ஒரு வெண்பா இருக்கிறது. அந்த வெண்பாவைப் பாடியது மன்னனே என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது! சோழனிடம் ராஜ்ஜியத்தைப் பறிகொடுக்கப் போகிற ஒரு ராஜா, தன் பெருமையைப் பாடாமல், கோயில் கட்டிய இன்னொருவரைப் பாராட்டி வெண்பா எழுதியிருக்கிறார். ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேலாக அது அங்கேயே இருக்கிறது. நாம்தான் திருப்பதி வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் இருக்கிறோம்.

மதியம் கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் வழியில் திருவாலங்காடு. அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் நடுவே அதே ரயில் பாதையில் நிலையம் இருக்கிறது, கோயிலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை, காரைக்கால் அம்மையார் தலைகீழாக நடந்து வந்து சேர்ந்ததாகச் சொல்லும் ஊர். ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்ததும் இங்கேதான். இரவு சாப்பாட்டுக்கு சென்னையில் வீட்டில் இருக்கலாம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வயதானவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் மலைப்பாதை வண்டி தேவைதான். அவர்களைப் படியேறச் சொல்லவில்லை. என் வயதுக்காரர்களைத்தான் சொல்கிறேன். மகாபலிபுரத்துக்கும் ஏலகிரிக்கும் பைக் எடுத்துக்கொண்டு போகிற நமக்கு, மின்சார ரயில் போகிற தூரத்தில் ஒரு மலை, இரண்டு மொழி, ஒரு பல்லவர் கோயில், அறுபது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு எல்லைக் கதை எல்லாம் ஒன்றாக இருப்பது தெரிய வேண்டாமா?

அடுத்த முறை திருப்பதி போவதாக இருந்தால் திருத்தணியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கடைத்தெருவில் யாராவது தெலுங்கில் வழி கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். கட்டாயம் புரிந்துகொள்வார்கள், அந்த ஊர் அப்படி.